மேசைக்கு அடியில் மெர்ல்

ஆட்டர் க்ரீக் ஊரில் துப்பறியும் நிலையம் ஒன்றே ஒன்றுதான். அது தூண்டில் புழு விற்கும் கடையின் மாடியில் இருந்தது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் புழு கேட்டு வருகிறவர்கள்; மீதிப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்க வருகிறவர்கள். அதனால் அந்த வியாழக்கிழமைக் காலையில் யாரோ கதவைத் தட்டியபோது, வெர்லின் ப்ரெக்கி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "புழு கீழே, பாத்ரூம் இடது பக்கம்" என்றான்.

"துப்பறியறவர் இருக்காரா?" என்றது ஒரு வயதான குரல்.

வெர்லின் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, டையைச் சரிசெய்தான். இன்றைக்கு டையே கட்டவில்லை என்பது கை கழுத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தான். ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கார்களின் மேல் எத்தனை பள்ளம் என்று எண்ணிச் சொல்வது உத்தியோகம். இத்தனை கூர்மையான கண்ணைப் பள்ளம் எண்ணியே வீணடிக்கிறோமே என்று ஒருநாள் தோன்றிவிட்டது. ராஜினாமா செய்துவிட்டுத் துப்பறிய வந்தான். வந்து மூன்று வருஷத்தில் தீர்த்தவை இரண்டரை வழக்குகள். முதலாவது, காணாமல் போன பசு. அது தானாகவே வீடு திரும்பியது. இரண்டாவது, சர்ச்சில் தொலைந்த காபிப் பாத்திரம். பக்கத்து அலமாரியில் இருந்தது. மீதி அரை வழக்கு அவனுடைய சொந்த விவகாரம். போன ஏப்ரலில் யாரோ அவன் வீட்டு வாசலில் ஒரு டிரே நிறைய ஓட்ஸ் பார் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை. பார் அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டதால், அதைப் பாதி தீர்ந்த வழக்கு என்று பதிவேட்டில் எழுதியிருந்தாள் ஜோலீன்.

ஜோலீன் ப்ரூஸ்கி அவனுடைய உதவியாளர். அவளுக்குக் கொடுக்கும் சம்பளம் டைப்பிங்குக்குத்தான். வாய் இலவசம்.

வந்திருந்தவர் ஆர்லிஸ் நைகார்ட். எழுபது வயது, நேர்த்தியான வெள்ளை முடி, கையில் அலுமினியக் காகிதம் போர்த்திய ஒரு டிரே. அதை மேசையில் வைத்து, "அட்வான்ஸ்" என்றார். ஜோலீன் பழக்க தோஷத்தில் டிரேயைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஒட்டு நாடாவில் 'ஆ. நைகார்ட்' என்று எழுதியிருந்தது. அந்த வட்டாரத்தில் அடியில் பேர் ஒட்டாமல் எந்த டிரேயும் வீட்டை விட்டுக் கிளம்பாது. கிளம்பினால் திரும்பி வராது.

ஆர்லிஸ் சொன்ன விஷயம் இது. அவர் கணவர் மெர்ல் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சாம்பல் இன்னும் காபி டின்னில், ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. மூத்த மகன் கல்லறையில் தாத்தா பக்கத்தில் புதைக்க வேண்டும் என்கிறான். இளையவன் ஏரியில் கரைக்க வேண்டும் என்கிறான். போன தடவை வந்தபோது இரண்டு பேரும் டயர் தேயக் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இந்தச் சனிக்கிழமை மறுபடியும் வருகிறார்கள். இந்த முறையும் முடிவாகாவிட்டால் அண்ணன் தம்பி இனி பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது ஆர்லிஸுக்கு நிச்சயம்.

"ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவர் சொன்னாரு," என்றார். "என்னை எங்க வைக்கணும்னு எழுதி வெச்சிருக்கேன், கேம்பர் மேசைக்கு அடியில பாருன்னாரு. அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னு அடக்கிட்டேன். அப்புறம் அவர் வீட்டுக்கு வரலை."

காரியம் முடிந்த மாதமே ஆர்லிஸுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தங்கை மகன் கொட்டகையைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கிளம்பி, கேம்பரை ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிட்டான். வியாபாரி யாருக்கோ விற்றுவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டான்.

அது மடக்கு கேம்பர். காருக்குப் பின்னால் தட்டையான பெட்டி மாதிரி உருண்டு வரும். போய்ச் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் படுக்கை நீளும், நடுவில் கித்தான் சுவர். இதை யாரும் வெர்லினுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் பாதி வீடுகளில் ஒன்று நிற்கிறது. வெர்லின் வீட்டு முன்னாலும் நிற்கிறது. அவன் அதைப் புதுப்பிக்க ஆரம்பித்து இரண்டு கோடை போய்விட்டது. எலி தின்ற கித்தானைத் தைத்து, இற்றுப்போன தரையைப் பெயர்த்து, உள்ளே கண்ணில் பட்டதையெல்லாம் வெள்ளையடித்திருந்தான். பழைய கேம்பர் வாங்குகிற அத்தனை பேரும் முதலில் செய்கிற காரியம் அதுதான்.

அடையாளம் கேட்டான். கூரையில் பச்சைக் கோடு. இழுவைக் கொக்கிக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டத்தின் அடிப்பக்கம், மெர்ல் உளியால் தட்டிய எம், என் என்ற இரண்டு எழுத்துகள். "அப்புறம் சக்கரம் மாட்டற ஆக்ஸில் போயிடுச்சு. இடது டயர் மட்கார்டுல உரசும். மாத்துறேன், மாத்துறேன்னு பன்னெண்டு வருஷம் சொன்னாரு."

வெர்லின் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். மூளை வேலை செய்யும்போது அவன் அங்கேதான் நிற்பான். வேலை செய்யாதபோதும் அங்கேதான் நிற்பான் என்பது ஜோலீனின் கருத்து.

"ஆர்லிஸ், இந்த மாதிரி கேம்பர்ல ஆக்ஸிலுக்கு ஸ்பிரிங் கிடையாது. குழாய்க்குள்ள ரப்பர் இருக்கும். ரப்பர் செத்துட்டா வண்டி உட்கார்ந்துடும். அதை ரிப்பேர் பண்ண முடியாது, மொத்தமா மாத்தணும். அந்த அளவு கடையில ரெடியா கிடைக்காது, ஆர்டர் கொடுத்துச் செய்யணும். இந்த ஜில்லாவுல அதுக்கு ஒரே ஆள் டெல்பர்ட்." ஒரு நொடி நிறுத்தினான். "ஆக்ஸிலைப் பிடிச்சா ஆளைப் பிடிச்சிடலாம்."

ஆர்லிஸ் அவனை வெகுநேரம் பார்த்தார். முதல்முறையாகத் தானே ஷூ நாடா கட்டுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"நல்ல யோசனை," என்றார். "எனக்கு அந்த மேசை மட்டும் போதும். சனிக்கிழமைக்குள்ள."

அவர் போன பிறகு, படி இறங்கும்போது ஜோலீன் கேட்டாள், "பாஸ், நீங்களும் போன மாசம் ஆக்ஸில் மாத்தினீங்கள்ல?"

"மாத்தினதாலதான் எனக்கு இவ்வளவு விவரம் தெரியுது."

"ஓ," என்றாள் ஜோலீன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருப்பதே ஒரு தடயம் என்று ஒரு துப்பறிவாளனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெர்லின் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவி கையில்தான் இருந்தது.

*

டெல்பர்ட்டின் கடையில் ஆணியிலிருந்து பெயின்ட், டிரெய்லர் சக்கரம்வரை எல்லாம் கிடைக்கும், அவசரத்தைத் தவிர. முதலில் மழை பற்றிப் பேச வேண்டும். பிறகு மீன். மீன் எங்கே கடிக்கிறது என்று டெல்பர்ட் சொல்ல மாட்டார், ஆனால் கேட்காமல் விட்டால் மனத்தாங்கல். இந்தச் சடங்கு முடிய இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் ஜோலீன் கடையின் இலவசக் காபியில் இரண்டு கப் முடித்திருந்தாள்.

வெர்லின் விஷயத்துக்கு வந்தான். கேம்பரின் வருஷத்தைச் சொல்லி, அந்த அளவு ஆக்ஸிலை இரண்டு வருஷத்தில் யார் யார் வாங்கினார்கள் என்று கேட்டான். டெல்பர்ட் ஆர்டர் புத்தகத்தை எடுத்து, விரலை நக்கி, நிதானமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். வெர்லினைப் பார்த்தார். ஜோலீனைப் பார்த்தார். புத்தகத்தைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

"ஒரே ஆள்தான்," என்றார். "ரெண்டு தடவை."

"ஏன் ரெண்டு தடவை?"

"முதல் தடவை கொடுத்த அளவு கொஞ்சம்... வேற மாதிரி இருந்துச்சு."

அந்த வட்டாரத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் 'வேற மாதிரி இருக்கு' என்பார்கள். பிறந்த குழந்தைக்கு அசட்டுப் பேர் வைத்தாலும் அதேதான். மற்றவர் விஷயத்தில் இதற்கு அர்த்தம் வெர்லினுக்கு நன்றாகவே தெரியும். அவனுடைய கேம்பரை எட்டிப் பார்த்த ஒவ்வொருவரும் அதையே சொன்னபோது மட்டும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

என்ன தப்பு என்று டெல்பர்ட் சொல்லவில்லை. வெர்லினே ஊகித்துச் சொன்னான். "செத்த ரப்பர் மேல வண்டி உட்கார்ந்திருக்கறப்பவே ஆக்ஸில்லேர்ந்து சக்கரத்துக்குப் போற கையோட கோணத்தை அளந்துட்டான். சரியா? புதுசா இருந்தப்ப என்ன கோணம்னு யோசிக்கலை. அப்புறம் புது ஆக்ஸிலும் அதே கோணத்துல வந்திருக்கும். மாட்டினதும் வண்டி முட்டைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி தரையோட ஒட்டியிருக்கும்."

"அப்படித்தான் ஆச்சு," என்றார் டெல்பர்ட்.

வெர்லின் வாய்விட்டுச் சிரித்தான். "அவன் டாக்டரா இருந்தா செத்தவனுக்கு நாடி பிடிச்சுப் பார்த்துட்டு, ரொம்ப நிதானமா இருக்கு, கவலைப்படாதீங்கன்னு சொல்லுவான்."

ஜோலீனுக்குக் காபி புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு, "உங்களுக்கும் ரெண்டு தடவை வந்துச்சே பாஸ்?" என்று கேட்டாள்.

"எனக்கு ஃபாக்டரிக்காரன் தப்பா அனுப்பினான். அது வேற கதை."

டெல்பர்ட் கூரையில் ஒரு ஈயைத் தேடினார்.

ஆள் எப்படிப்பட்டவன் என்று வெர்லின் விசாரித்தான். நல்ல மனுஷன் என்றார் டெல்பர்ட். படிக்காதவனா என்றதற்கு, இல்லை, நிறையப் படித்தவர் மாதிரித்தான் பேசுவார் என்றார். இதே தப்பைப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவரும் பண்ணினார், அந்த ஆக்ஸில் கடைக்குப் பின்னால் புல்லில் இன்னும் கிடக்கிறது, அது யார் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றும் தானாகவே சொன்னார்.

"அவரை விடுங்க. இந்த முட்டாள் பேரைச் சொல்லுங்க."

"சொன்னா அவர் மனசு கஷ்டப்படும் வெர்லின்."

"நீங்க சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்?"

டெல்பர்ட் இந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரிஞ்சிடும்," என்றார். பிறகு மனசு கேட்காமல், "ஒண்ணு பண்றேன். நான் போன் போட்டுத் தர்றேன். நீங்களே பேசிக்குங்க," என்று கவுன்டரில் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, புத்தகத்தைப் பார்த்து எண்களை அழுத்தி, ரிசீவரை நீட்டினார்.

மணி நான்கு முறை அடித்தது. வெர்லின் குரலைக் கனமாக்கிக்கொண்டான். மறுமுனையில் சொடுக்கென்று ஒரு சத்தம். பிறகு அவனைவிடக் கனமான குரல் ஒன்று பேசியது.

"வணக்கம். இது ப்ரெக்கி துப்பறியும் நிலையம். எங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நாங்கள் இப்போது ஒரு முக்கியமான தடயத்தின் பின்னால் போயிருக்கிறோம். மணி ஒலித்ததும் உங்கள் செய்தியைச் சொல்லவும்."

மணி ஒலித்தது.

வெர்லின் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றான். டெல்பர்ட் முதுகைக் காட்டி நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். எதிர்முனையில் பதிவு நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வெர்லின், நான் வெர்லின் பேசறேன்," என்றான். "கொஞ்சம் அவசரம்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் கேட்டான், "உனக்குத் தெரியுமா?"

"படியில இறங்கறப்பவே."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நான் கிண்டல் பண்ணுவேன் பாஸ், குறை சொல்ல மாட்டேன். நானும் இந்த ஊர்க்காரிதானே."

*

இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அவன் கேம்பரின் கூரையில் இருந்தது பச்சைக் கோடு அல்ல, பழுப்புக் கோடு. அந்தப் பழைய சாமான் வியாபாரி இரண்டு உடைசல்களைச் சேர்த்து ஒரு கேம்பர் பண்ணுகிறவன், ஒன்றின் கூரையை எடுத்து இன்னொன்றின் மேல் கவிழ்க்கிறவன் என்று ஜோலீன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வெர்லின் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

வீட்டுக்கு முன் கேம்பர் வெள்ளை வெளேரென்று நின்றது. புது ஆக்ஸில், புது டயர், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. இந்த உலகத்தில் அவன் சொந்தக் கையால் சரிசெய்த ஒரே பொருள். அதுவும் இரண்டாவது முயற்சியில்.

சக்கரம் வைத்த பலகையை எடுத்துப் போட்டு, மல்லாக்கப் படுத்து, காலால் உந்தி வண்டிக்கு அடியில் போனான். மூன்று மாதமாக அவன் அதிக நேரம் வாழ்ந்த இடம் அதுதான். சட்டத்துக்கு மூன்று கோட் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் தடவினான். கொக்கிப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. எம். கொஞ்சம் தள்ளி, என்.

"என்ன பாஸ்?"

"கேஸ் முடிஞ்சுது."

"அப்ப மேசை எங்க?"

அதைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மேசையைப் புதிதாகச் செய்திருந்தான், வெள்ளைப் பெயின்ட்டோடு. பழைய மரச் சாமானையெல்லாம் போன செப்டம்பரில் கொல்லையில் குவித்து எரித்தான். எரிந்த தணலை வீணாக்கக் கூடாது என்று ஜோலீனும் அவள் புருஷன் கோர்டியும் வந்து அதில் தொத்திறைச்சி வாட்டினார்கள். நல்ல தணல் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

ஜோலீனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நான் ரெண்டு தின்னேன்," என்றது அவள் குரல், மெலிந்து போய்.

வெர்லின் வெளியே வருவதில்லை என்று முடிவு செய்தான். ஆக்ஸிலுக்குக் கீழே படுத்தபடி, ஆர்லிஸிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். உங்கள் கணவரின் கடைசி விருப்பத்தைக் கடுகுச் சாஸ் தொட்டுத் தின்றுவிட்டோம் என்று எந்த மொழியில் சொன்னாலும் நன்றாக இல்லை. சனிக்கிழமை அந்த இரண்டு மகன்களும் வருவார்கள். காபி டின் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கும். ஒருவன் கல்லறை என்பான், ஒருவன் ஏரி என்பான், அதோடு குடும்பம் முடிந்தது. இருபது வருஷம் மற்றவர் வண்டியில் பள்ளம் எண்ணினான், யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. வந்த இடத்தில் ஒரு வேலையை ஆசையாகச் செய்தான், அதில் இத்தனை பெரிய பள்ளம்.

வெளியே ஜோலீன் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"பாஸ்," என்றாள். "நீங்க எது மேல படுத்திருக்கீங்க?"

"பலகை மேல. உன் புருஷன் சக்கரம் மாட்டிக் கொடுத்தது."

"பலகைக்கு ஓரத்துல ஏன் பளபளன்னு தகடு ஓடுது? ரெண்டு மூலை ஏன் வளைவா இருக்கு?"

வெர்லின் கையைப் பின்னால் விட்டு ஓரத்தைத் தடவினான்.

"கோர்டிக்கு அந்தப் பலகை எங்க கிடைச்சுது பாஸ்?"

"எரிக்கப் போட்ட குவியல்ல..."

சொல்லி முடிப்பதற்குள் ஜோலீன் அவன் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தாள். பலகையைப் புரட்டினார்கள். நான்கு மூலையிலும் நான்கு இரும்புச் சக்கரம். நடுவில், எலிக்கறையும் கிரீஸும் படிந்த மரத்தில், தச்சர் பென்சிலால் வரிசை வரிசையாக எழுத்து. மூலைவரை போன எழுத்தின் மேலேயே கோர்டி சக்கரம் முடுக்கியிருந்தான். கோர்டிக்கு மீன் படம் போடாத எதையும் படித்துப் பழக்கமில்லை. அந்த எழுத்தின் மறுபக்கத்தில் முதுகை வைத்து மூன்று மாதம் படுத்திருந்த துப்பறிவாளனோ அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

அப்போது ஒரு பழைய பியூக் கார் மெதுவாக வந்து தபால் பெட்டி பக்கம் நின்றது. ஆர்லிஸ் கண்ணாடியை இறக்கினார்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்," என்றார்.

அது முட்டுச் சந்து. வெர்லின் வீட்டுக்கு அப்பால் காடுதான்.

வெர்லின் முழங்கையில் கிரீஸோடு காருக்குப் பக்கத்தில் போய் நின்றான். "ஆர்லிஸ், உங்க கேம்பரை வெச்சிருக்கறவனைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்படியா," என்றார், நிஜமான ஆவலோடு. "யாரு?"

"நான்தான்."

"ஓ." ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்தார். "நல்லா கண்டுபிடிச்சீங்க."

ஜோலீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பலேர்ந்து தெரியும் ஆர்லிஸ்?"

"ஏப்ரல்," என்றார். கூரையை மாற்றினால் தெரியாதா, அந்தக் கதவில் இருபது வருஷம் தலையை இடித்திருக்கிறேன் என்றார். அன்றைக்கே கேட்டுவிடலாம் என்று ஓட்ஸ் பார் செய்து எடுத்துக்கொண்டு வந்தாராம். வண்டிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து பாட்டு வேறு கேட்டது. "நீங்க அவ்வளவு ஆசையா வேலை பார்த்துக்கிட்டிருந்தீங்க. அது என்னோடதுன்னு எப்படிச் சொல்றது? டிரேயை வெச்சுட்டுப் போயிட்டேன். அப்புறம் ரெண்டு மாசம் யோசிச்சேன். துப்பறியறவர்தானே, கேஸாவே கொடுத்துடலாம்னு தோணிச்சு."

ஜோலீன் கராஜுக்குள் போனாள். வெர்லின் போல்ட், நட்டெல்லாம் போட்டு வைத்திருந்த அலுமினிய டிரே ஒன்று அங்கே இருந்தது. கொட்டிவிட்டு எடுத்து வந்தாள். புரட்டிக் காட்டினாள். அடியில், ஒட்டு நாடாவில், 'ஆ. நைகார்ட்'.

"அந்த அரை கேஸும் முடிஞ்சுது," என்றாள். "எதையுமே அடியில பார்க்க மாட்டீங்களா பாஸ்?"

பலகையைக் காரின் முன்பக்கத்து மூடி மேல் வைத்தார்கள். ஆர்லிஸ் கண்ணாடி போட்டுக்கொண்டார். முதல் வரியைப் படித்ததுமே வாயைப் பொத்திக்கொண்டார்; சிரிப்பா அழுகையா என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. பிறகு சத்தமாகப் படித்தார்.

"எழுபத்தாறு. பதினாலாம் நம்பர் இடம். மழை. மீன் இல்லை. ஆர்லிஸ் கோபம். எழுபத்தேழு. பதினாலு. மழை இல்லை. மீன் இல்லை. ஆர்லிஸ் கோபம்."

வருஷா வருஷம் அதே ஏரிக்கரைப் பார்க், கேம்பர் நிறுத்த அதே பதினாலாம் இடம். எண்பத்தொன்றில் பையன்கள் இரண்டு பேரும் துடுப்புக்குச் சண்டை போட்டதில் படகு தனியாகப் போய்விட்டது. எண்பத்து மூன்றில் மீன் ஒன்று, பெருமை நிறைய. எண்பத்தைந்தில் வேறு விஷயம் எழுதியிருந்தது.

"ஆக்ஸிலைத் தப்பாக அளந்துவிட்டேன். டெல்பர்ட் வெளியே சொல்ல மாட்டார். ஆர்லிஸுக்குத் தெரியாது."

"தெரியும்," என்றார் ஆர்லிஸ் பலகையைப் பார்த்து. "டெல்பர்ட் பெண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா."

"நீங்க அவர்கிட்ட கேக்கவே இல்லையா?" என்றான் வெர்லின்.

"பன்னெண்டு வருஷம் எவ்வளவு சிரமப்பட்டு மறைச்சாரு. அதைப் போய் எப்படிக் கேக்கறது?"

கடைசி வரிகள் அடி மூலையில் இருந்தன. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. 'பையன்கள் சண்டை போடுவார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். முதலில் யாராவது ஆக்ஸிலை மாற்றுங்கள். சரியாக அளந்து. இல்லாவிட்டால் வழியிலேயே உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் என்னை' என்று இருந்தது. அதோடு கோர்டியின் சக்கரத் தகடு வந்துவிட்டது. தகட்டுக்கு அந்தப் பக்கம் 'அங்கே வையுங்கள்' என்று இரண்டே வார்த்தை.

மூன்று பேரும் அந்தத் தகட்டைப் பார்த்தார்கள்.

வெர்லின் ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வந்தான். முதல் திருகாணியின் தலையை வழுக்கி வழுக்கி மொட்டையாக்கினான். இரண்டாவதை மொட்டையாக்கத் தொடங்கியபோது ஜோலீன் அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் நெம்பியதில் சக்கரம் துள்ளிப் புல்லில் விழுந்தது. அதன் கீழே, கிரீஸ் படாமல், எழுத்து நேற்று எழுதியது போல் இருந்தது.

'பதினாலில், நெருப்புக் குழிக்குப் பின்னால், அந்தப் பைன் மரத்தடியில்.'

ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. "கல்லறையும் இல்ல, ஏரியும் இல்ல," என்றார். "ரெண்டு பேருமே தோத்தாச்சு. இனி பேசிக்குவாங்க." பிறகு குனிந்து கேம்பரின் சக்கரத்தைப் பார்த்தார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். நான்கு விரலும் நுழைந்தன. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.

அந்த இடத்தில் புதைக்க பார்க்கில் விடுவார்களா என்று வெர்லின் கேட்டான். பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சரே கோர்டியின் சித்தப்பாதான், அவர் எதுவும் கேட்க மாட்டார், இந்த ஊரில்தான் யாருமே எதையுமே கேட்பதில்லையே என்றாள் ஜோலீன்.

கேம்பர் உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெர்லின் சொல்லிப் பார்த்தான். சொல்லிக்கொண்டே மட்கார்டில் இல்லாத தூசியைத் துடைத்தான். ஆர்லிஸ் காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

"சனிக்கிழமை நல்ல வெயிலாம்," என்றார். "என் கார்ல கொக்கி கிடையாது. பையங்க ரெண்டு பேர்கிட்டயும் சின்னக் கார்."

வெர்லின் ஜன்னல் இல்லாமலே யோசித்தான். அவன் துப்பறியும் வாழ்க்கையில் யாருடைய உதவியும் இல்லாமல் செய்த முதல் கண்டுபிடிப்பு அது.

"நான் எத்தனை மணிக்கு வந்து இழுக்கணும் ஆர்லிஸ்?"

"எட்டு மணின்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோ என்னவோ," என்றார் ஆர்லிஸ். ஏழரைக்கே வந்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வெர்லின் கைப்பிடியைச் சுற்றினான். கூரை முனகாமல் எழும்பியது. படுக்கைகளை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்தான். ஆர்லிஸ் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். வெள்ளை அலமாரி, வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, வெள்ளைத் தரை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வேற மாதிரி இருக்கு," என்றார்.

வெர்லினுக்கு இந்த முறை புரிந்தது. "பழைய மாதிரி மரக் கலர் பெயின்ட் இருக்கான்னு டெல்பர்ட்கிட்ட கேக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்," என்றார் ஆர்லிஸ். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

பழைய மேசையை மூன்று சக்கரத்தோடு உள்ளே கொண்டுவந்து, வெள்ளை மேசையின் மேலேயே வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தார். பலகையின் அடியில் கையை விட்டு, எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, கடிகாரத்தைப் பார்த்தார்.

"டெல்பர்ட் அஞ்சு மணிக்குக் கடையை மூடிடுவாரு," என்றார்.